மைனஸ் 69 யார்டு: மிச்சிகன் ஆஃபென்சிவ் லைனுக்கு என்ன ஆயிற்று?

கேன்டன்_மஞ்சள்நீலம்
10 நவம்பர் 2013, காலை

நேற்று அமெரிக்கக் கால்பந்தில் எங்கள் மிச்சிகன் பல்கலைக்கழக அணி நெப்ராஸ்காவிடம் 17-13 என்று தோற்றது. எங்கள் தலைமைப் பயிற்சியாளர் பிரேடி ஹோக் 2011-ல் பொறுப்பேற்றதிலிருந்து சொந்த மைதானத்தில் 19 ஆட்டம் ஆடி 19-ம் வென்றிருந்தார். இருபதாவதில் அந்தக் கணக்கு முடிந்தது.

தோல்வி எனக்குப் புதிதில்லை. 2007 ஆகஸ்டில் ஆன் ஆர்பருக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். சீனியர் அண்ணன் ஒருவர் கூட்டிக்கொண்டு போன முதல் ஆட்டமே செப்டம்பர் 1, அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற சின்ன அணியோடு. 34-32 என்று தோற்றோம். பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் எங்கள் கடைசி ஃபீல்ட் கோல் முயற்சியை அவர்கள் தடுத்தபோது எனக்கு விதிகள் பாதிகூடத் தெரியாது. சுற்றிலும் ஒரு லட்சம் பேர் வாயடைத்து நின்றது மட்டும் புரிந்தது. அன்றிலிருந்து இது என் அணி. அதனால் தோற்றோமே என்று இதை எழுதவில்லை. 98-ம் எண் பையன் அடி வாங்குவதைப் பார்க்க முடியவில்லை, அதற்காக எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை ஈஸ்ட் லான்சிங்கில், மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக, அந்த 98-ம் எண், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டெவின் கார்ட்னரை 7 முறை சாக் செய்தார்கள், அதாவது எறியும் முன்பே பிடித்து விழுத்தினார்கள். நேற்றும் 7. பந்தோடு ஓடி முன்னேறிய தூரத்தின் கணக்கில் அங்கே மைனஸ் 48 யார்டு, மிச்சிகன் வரலாற்றிலேயே மிகக் குறைவு. நேற்று மைனஸ் 21. இரண்டையும் கூட்டினால் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் நீளத்துக்குப் பின்னால் போயிருக்கிறோம். மூன்று வாரம் முன்பு, அக்டோபர் 19, இதே கார்ட்னர் இந்தியானாவுக்கு எதிராக 503 யார்டு எறிந்தார். ஜெரமி கேலன் மட்டும் 369 யார்டு பிடித்தார். 63 புள்ளி எடுத்தோம். எறியத் தெரியாதவர் இல்லை. நிற்க இடம் கிடைக்கவில்லை.

நேற்று அப்பாவையும் ஸ்டேடியத்துக்குக் கூட்டிப் போனேன். ஜூனில் ஊரிலிருந்து வந்திருக்கிறார், ஒட்டன்சத்திரம் பக்கம். இளவயதில் கபடி ஆடியவர், முழங்காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது வடக்கு முனையில், கோல்போஸ்ட்டுக்குப் பின்னால். டிவியில் பார்த்தால் பந்துதான் தெரியும். அங்கே உட்கார்ந்தால், எறிபவருக்கு முன்னால் நின்று காக்கும் ஐந்து பேர் வரிசை, அதாவது லைன் தெரியும், யாருக்கும் யாருக்கும் நடுவில் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது என்று தெரியும். இரண்டாம் கால்பகுதியில் அப்பா கேட்டார்:

"அந்த அஞ்சு பேரும் இவனைக் காக்கிறவங்கதானே?"

"ஆமாப்பா."

"ஒருத்தனை ஒருத்தன் பாக்கவே மாட்டேங்கிறாங்களே. கைகோத்து நிக்கிறவன் எதிர்ல பாடி வர்றவனை மட்டும் பாத்தாப் போதுமா? பக்கத்துக் கை எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரிய வேண்டாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத்தான் இங்கே கேட்கிறேன். இடது ஓரத்தில் டெய்லர் லூவன், போன வருடமே தொழில்முறை லீகான என்எஃப்எல் போயிருக்கலாம், ஐந்தாம் வருடத்துக்காகத் திரும்பி வந்தவர். வலது ஓரத்தில் மைக்கேல் ஸ்கோஃபீல்ட், அவரும் ஐந்தாம் வருடம். ஓரத்தில் நிற்க இப்படி இரண்டு டேக்கிள் எத்தனை கல்லூரிக்குக் கிடைக்கும்? அப்படியிருந்தும் நடுவில் ஏன் அணை உடைந்த மாதிரி வந்து விழுகிறார்கள்? ஆட்களே சரியில்லையா, பயிற்சியா, திட்டமா? அடுத்த வருடம் இந்த இரண்டு பேரும் போய்விடுவார்களே, அப்புறம் என்ன ஆகும்?

ஒரு வேண்டுகோள். எனக்குப் பின்வரிசையில் ஒருவர் ஆட்டம் முழுக்க அந்தப் பையன்களைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார். 19, 20 வயதுப் பிள்ளைகள். இங்கே அது வேண்டாம்.


நோவை_அப்பா
10 நவம்பர் 2013, மதியம்

தம்பி, உங்கள் அப்பா ஒரே ஆட்டத்தில் கண்டுபிடித்ததை நான் கற்றுக்கொள்ள மூன்று வருடம் ஆனது. என் மகன் இங்கே உயர்நிலைப் பள்ளி அணியில் ரைட் கார்ட். அவன் விளையாட ஆரம்பித்த பிறகு நான் பந்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

முதலில் அந்த மைனஸ் கணக்கு. என்எஃப்எல்லில் சாக் ஆனால் இழந்த யார்டை எறிதல் கணக்கில் கழிப்பார்கள். கல்லூரி ஆட்டத்தில் ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். ஆக மைனஸ் 48 என்றால் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் பின்னால் ஓடினார் என்று பொருள் இல்லை, அதில் பெரும்பகுதி கார்ட்னர் பந்தோடு தரையில் விழுந்த தூரம். அதற்காக ஓட்டம் நன்றாக இருந்தது என்றும் சொல்ல வரவில்லை. பென் ஸ்டேட் ஆட்டத்தில் நம் ரன்னிங் பேக் டூசான்ட் 27 முறை ஓடி 27 யார்டு எடுத்தார், அதில் சாக் எதுவும் கலக்கவில்லை.

இனி நடுவில் இருக்கும் மூன்று இடம்: சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கார்ட். டேக்கிளுக்கு வேலை கடினம், ஆனால் தெளிவு. ஓரத்தில் எதிரே ஒருவன் வருவான், அவனை நிறுத்த வேண்டும். கார்டுக்கும் சென்டருக்கும் அப்படி இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை முட்டித் தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவனுக்குப் பின்னால் இருக்கும் எதிரணி லைன்பேக்கர் எந்தப் பக்கம் நகர்கிறான் என்று பார்த்து, இருவரில் ஒருவர் பிடியை விட்டுவிட்டு அவனிடம் போக வேண்டும். யார் போவது? பேசி முடிவு செய்ய நேரமே கிடையாது. பக்கத்தில் நிற்பவனின் தோளை உணர்ந்து போக வேண்டும். என் மகனும் அவர்கள் சென்டரும் ஏழாம் வகுப்பிலிருந்து சேர்ந்து ஆடுகிறார்கள், இன்னும் வாரத்துக்கு இரண்டு முறையாவது இருவரும் ஒரே ஆளிடம் போய் நிற்கிறார்கள்.

மிச்சிகனில் இந்த வருடம் அந்த மூன்று இடத்தில் எத்தனை பேர் மாறிவிட்டார்கள் என்று எண்ணிப் பாருங்கள். செப்டம்பரில் ஒரு சென்டர், அக்டோபரில் வேறு சென்டர். அதற்காக லெஃப்ட் கார்டை நடுவுக்கு நகர்த்தினார்கள், காலியான அவர் இடத்தில் ஒருவர், அவருக்கு அடிபட்டதும் இன்னொருவர். ரைட் கார்டும் மாறியாயிற்று. தோள் பழகுவதற்குள் ஆள் மாறுகிறான்.

ஏன் மாற்ற வேண்டி வந்தது என்பதற்குக் காரணம் மூன்று வருடம் பழையது. 2010-ல் மிச்சிகன் சேர்த்த ஆஃபென்சிவ் லைன்மேன் ஒரே ஒருவர். அவரும் உடல்நிலை காரணமாக ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று. 2011-ல் பயிற்சியாளர் மாறிய குழப்பத்தில் மூன்று பேர் வந்தார்கள், அதில் ஒருவர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். முந்தைய பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் காலத்தில் வேகமாக நகரும் ஆட்கள் வேண்டும், ஹோக் வந்ததும் கனமாக முட்டித் தள்ளும் ஆட்கள் வேண்டும், அந்த மாற்றமும் சேர்ந்துகொண்டது. இன்றைக்கு நடுவில் நான்காம் வருடத்து ஆளாக, மூன்றாம் வருடத்து ஆளாக நிற்க வேண்டியவர்கள் ஏறக்குறைய இல்லை. சென்டரில் நிற்கும் கிளாஸ்கோ ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் சேர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியுமா? அவர் இத்தனை தூரம் வந்ததே பெரிய விஷயம்.

18 வயதில் 130 கிலோவோடு வருகிற பையனைப் பார்த்தால் மலை மாதிரி இருப்பான். ஆனால் எதிரே 22 வயதுக்காரன், நான்கு வருடம் கல்லூரி ஜிம்மில் இரும்பு தூக்கியவன். அந்த நான்கு வருடத்தை, பள்ளி வீரர்களுக்குக் கொடுக்கும் நட்சத்திர மதிப்பீட்டால் ஈடுகட்ட முடியாது. எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவர் முதல் வருடமே ஜொலிக்கலாம், லைன்மேன் பெரும்பாலும் முடியாது. அதனால்தான் வந்தவுடன் ரெட்ஷர்ட் கொடுத்து ஒரு வருடம் உட்கார வைக்கிறார்கள்.

அடுத்த வருடம் பற்றிக் கேட்டீர்கள். மனசாட்சிப்படி சொன்னால், 2014-ம் கஷ்டம்தான்.


ட்ராய்_பழையமாணவன்
10 நவம்பர் 2013, மாலை

நோவை சார் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பாதிதான். இளம் ஆட்கள் என்று தெரிந்தால் அவர்களுக்கு நாலே நாலு விஷயம் சொல்லிக்கொடுத்து அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்க வேண்டும். நாம் என்ன செய்தோம்? ஒரு வாரம் ஜோன் என்ற ஓட்ட முறை, ஒரு வாரம் பவர் என்ற வேறு முறை, மினசோட்டா ஆட்டத்தில் லூவனையும் ஸ்கோஃபீல்டையும் ஒரே பக்கம் நிறுத்தி ஒரு புது அமைப்பு. எதிலும் இந்தப் பையன்கள் தேறவில்லை, தேற விடவும் இல்லை.

எச்சரிக்கை மணி செப்டம்பரிலேயே அடித்தது. அக்ரானிடம் 28-24, கடைசிப் பந்தில் கோல்லைன் ஓரத்தில் தப்பித்தோம். அடுத்த ஆட்டம் கனெக்டிகட், 24-21. இரண்டையும் வென்றோம் என்று எழுதி மூடிவிட்டோம். நான் அப்போதே இங்கே எழுதினேன், லைன் சரியில்லை என்று. நோட்ர டேமை 41-30 ஜெயித்த சந்தோஷத்தில் யாரும் காதில் வாங்கவில்லை.

1997 அணியில் ஹட்சின்சன், பேக்கஸ், ஜான்சன் மூவரும் ஒரே லைனில் நின்றார்கள். ஜேக் லாங் இங்கிருந்து போய் 2008-ல், என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். டேவிட் மோல்க் 2011-ல் நாட்டின் சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது வாங்கினார், இரண்டே வருடம் முன்பு! மிச்சிகன் என்றாலே லைன் என்றுதான் நான் சொல்லி வளர்ந்தேன். அந்த இடத்தில் மைனஸ் 48 என்று பார்க்கும்போது தூக்கம் வரவில்லை சார்.


ரெட்சீடர்_கரை
11 நவம்பர் 2013

கேன்டன் அண்ணா, நான் எதிர்முகாம். மிச்சிகன் ஸ்டேட்டில் தாவரவியல் ஆய்வு செய்கிறேன். வெற்றிக் கூச்சல் போட வரவில்லை, அன்றைக்கு நான் ஸ்டேடியத்தில் இருந்தேன், கார்ட்னர் ஒவ்வொரு முறையும் எழுந்ததைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் எனக்கு அருகில் இருந்தவர்களே அவரை மெச்சிக்கொண்டுதான் இருந்தார்கள்.

நீங்கள் கேட்டதில் ஒரு பகுதிக்கு எங்கள் பக்கத்திலிருந்து பதில் இருக்கிறது. எங்கள் டிஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் பேட் நார்டுசிக்குப் பிடித்த வேலை, சென்டரின் இரண்டு பக்கத்து இடைவெளியிலும் ஆளுக்கொரு லைன்பேக்கரை நிறுத்துவது. மேக்ஸ் புல்லோவும் டெனிகோஸ் ஆலனும், சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் ஸ்னாப்புக்கு முன் அங்கே வந்து நிற்பார்கள். இருவரும் பாயலாம், ஒருவர் பாயலாம், இருவருமே பின்வாங்கலாம். சென்டரும் இரண்டு கார்டுகளும் யாரை யார் எடுப்பது என்று முடிவு செய்து, அடுத்த அரை நொடியில் அந்த முடிவை மாற்றவும் வேண்டும். ரன்னிங் பேக்கும் அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இதைத் துணிந்து செய்ய முடிவதற்குக் காரணம், ஓரத்தில் டார்க்வீஸ் டெனார்ட் மாதிரி ஆட்கள் ரிசீவரைத் தனியாகவே பார்த்துக்கொள்கிறார்கள்.

அதாவது நாங்கள் குறி வைத்தது உங்கள் பையன்களின் பலத்தை இல்லை, அவர்கள் ஒருவரை ஒருவர் எவ்வளவு நாளாக அறிவார்கள் என்பதை. உங்கள் அப்பா சொன்ன அதே இடம். நெப்ராஸ்கா எங்கள் ஆட்டத்தின் பதிவைப் பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். இனி வருகிற அணிகளும் பார்க்கும்.

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். எங்கள் ஊர் தேனி, என் மாமாவும் கபடிதான்.


கேன்டன்_மஞ்சள்நீலம்
11 நவம்பர் 2013

எல்லோருக்கும் நன்றி. ரெட்சீடர் கரைத் தங்கச்சி எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பேனா கேட்டார். பால் பில்லின் பின்பக்கம் ஐந்து வட்டம் போட்டு, நடுவில் இருக்கும் வட்டத்தின் இரண்டு பக்கமும் புள்ளி வைத்து, அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னது: "இது சொல்லிக் குடுத்து வராது, கூட ஆடி ஆடித்தான் வரும்."

ட்ராய் நண்பரே, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. திட்டம் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு பையனை நீந்தப் பழக்கும்போது தினமும் வேறு குளத்துக்கு ஏன் கூட்டிப்போக வேண்டும்?


கேன்டன்_மஞ்சள்நீலம்
1 டிசம்பர் 2013

நேற்று ஒஹையோ ஸ்டேட். 42-41 என்று தோற்றோம்.

எழுதவே கை வரவில்லை, ஆனால் எழுத வேண்டும். இதே லைன், இதே பையன்கள், 603 யார்டு. தோல்வியே காணாமல் வந்த அணிக்கு எதிராக 41 புள்ளி. கார்ட்னர் 451 யார்டு எறிந்தார், 4 டச்டவுன், அதுவும் பாதத்தில் காயத்தோடு நொண்டிக்கொண்டே. கடைசி டச்டவுனுக்குப் பிறகு, 32 நொடி மிச்சம் இருக்கும்போது சமன் செய்யப் போதுமான ஒரு புள்ளியை விட்டுவிட்டு இரண்டு புள்ளிக்குப் போனார்கள். எறிந்த பந்தை எதிரணி பிடித்தது. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அப்படித்தான் ஆட வேண்டும்.

என்ன மாறியது என்று நோவை சார்தான் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்தது ஒன்று: பந்து சீக்கிரம் கையை விட்டுப் போனது. நடுவில் நின்றவர்களுக்கு மூன்று நொடி தாங்க வேண்டிய இடத்தில் இரண்டு நொடி போதுமாக இருந்தது. நவம்பர் 2-ம் தேதி மிச்சிகன் ஸ்டேட் ஆட்டத்திலேயே இதைச் செய்திருக்கலாமே என்று நினைக்கும்போது நெஞ்சு எரிகிறது.

கடைசியில் கார்ட்னர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றார். அப்பா டிவி முன்னால் எழுந்து நின்று கை தட்டினார். நாளை மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார்.


நோவை_அப்பா
1 டிசம்பர் 2013

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் தம்பி. சீக்கிரம் எறிவது, ஓட்டத்தில் தேவையற்ற சிக்கலைக் குறைப்பது, அவ்வளவுதான். இன்னொன்று, நடுவில் இருக்கும் மூன்று பேரும் சில வாரமாக மாறாமல் சேர்ந்து நிற்கிறார்கள்.

என் மகனின் அணி அரையிறுதிக்கு முன்பே வெளியேறிவிட்டது. அழுதுகொண்டே சென்டர் பையனைக் கட்டிப்பிடித்து நின்றான். அடுத்த வருடமும் இருவரும் இருக்கிறார்கள்.


கேன்டன்_மஞ்சள்நீலம்
28 நவம்பர் 2021

எட்டு வருடம் கழித்து இந்த இழையைத் தேடி எடுத்தேன். யாராவது இன்னும் இங்கே வருகிறீர்களா?

நேற்று பனி கொட்டும்போது நான் வடக்கு முனையில்தான் இருந்தேன். கேட்டு வாங்கிய இடம். 42-27. 2011-க்குப் பிறகு ஒஹையோ ஸ்டேட்டை முதல்முறையாக வென்றோம். எல்லோரும் ஏய்டன் ஹட்சின்சனின் 3 சாக் பற்றிப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான், 1997 அணியின் இன்னொரு ஹட்சின்சனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், இவருடைய அப்பாவும் மிச்சிகன் டிஃபென்ஸில் ஆடியவர். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறு ஐந்து பேரை. ரன்னிங் பேக் ஹசன் ஹாஸ்கின்ஸ் 169 யார்டு, 5 டச்டவுன். அணி மொத்தம் 297 யார்டு ஓடியது. ஓடப்போகிறார்கள் என்று ஸ்டேடியத்தில் எல்லோருக்கும் தெரியும், எதிரணிக்கும் தெரியும், அப்படியும் நிறுத்த முடியவில்லை. லெஃப்ட் கார்ட் கீகனும் சென்டர் வாஸ்டார்டிஸும் சேர்ந்து ஒருவனைத் தள்ளிக்கொண்டே போய், சரியான நொடியில் ஒருவர் பிரிந்து லைன்பேக்கரிடம் போனதைப் பார்த்தபோது நோவை சார் எழுதியது வரிக்கு வரி ஞாபகம் வந்தது. வாஸ்டார்டிஸும் ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து ஆறு வருடம் இருந்தவர்.

நோவை சார் அன்று சொன்னது போலவே 2014 கஷ்டமாகத்தான் போனது, அந்த டிசம்பரில் ஹோக்கும் போனார். ஆனால் 2013-ல் நாம் பரிதாபப்பட்ட பையன்களைப் பாருங்கள். கிளாஸ்கோவை 2016-ல் டெட்ராய்ட் லயன்ஸ் மூன்றாம் சுற்றில் எடுத்தது, இன்னும் என்எஃப்எல்லில் இருக்கிறார். ஸ்கோஃபீல்ட் டென்வரோடு சூப்பர் பவுல் வென்றார். அவர்கள் ஆட முடியாதவர்களாக இருந்ததே இல்லை.

அப்பாவுக்கு வயது 74. ஊரில் இரவு பத்தரைக்கு ஆட்டம் ஆரம்பம், பேரன் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான், இரண்டு மணி வரை முழித்துப் பார்த்திருக்கிறார். நான் ஸ்டேடியத்திலிருந்து வெளியே வரும்போது அழைப்பு வந்தது. வாழ்த்தெல்லாம் சொல்லவில்லை. "இப்ப பாத்துக்கிறாங்கடா" என்றார்.

அடுத்த சனி இந்தியானாபொலிஸில் அயோவாவோடு எங்கள் லீகான பிக் டென் இறுதி ஆட்டம். கேன்டனிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், காரில் மூன்று இடம் இருக்கிறது. நோவை சார், உங்கள் மகன் இப்போது எங்கே இருக்கிறார்? இரண்டு பேரும் வருகிறீர்களா?